மூன்றாம் தறியில் நிற்கிற துணி

கேள்வி: சோமனூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 41. வீட்டுக்காரர் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, தறிக்குடோனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். கோயமுத்தூரில் மூன்று நாள் ஐ.சி.யு.வில் வைத்திருந்தோம். ஜெபக் குழுவினர் வராந்தாவில் நின்று ஜெபித்து, "சுகம் கிடைத்தாயிற்று, விசுவாசியுங்கள்" என்று சொன்னார்கள். நாலாம் நாள் விடியற்காலை போய்விட்டார். எங்க அம்மா ஒப்பாரி வைத்தபோது, விசுவாசிகள் இப்படி அழக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். வருடப் பிறப்பு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. அவர் கையாலேயே மெயின் சுவிட்சுக்கு மேலே ஒட்டினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாமியார், குலதெய்வத்தை விட்டதற்குத்தான் இது என்கிறார். சபையில் ஒரு அக்கா, தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டார். பிளஸ் டூ படிக்கிற மகன் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். தறியை எடைக்குப் போட்டுவிட்டுக் குடோனையும் விற்றுவிடலாம் என்கிறார் கொழுந்தனார். தேவ சித்தம் எது என்று தெரியவில்லை. வருட நினைவுக் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். எனக்கோ பாட்டுப் பாடவே வாய் வரவில்லை. பிள்ளைகள் தூங்கின பிறகு குடோனில் போய் உட்கார்ந்து கர்த்தரோடு சண்டை போடுகிறேன். மூன்றாம் தறியில் அவர் ஓட்டிக்கொண்டிருந்த துணி அப்படியே நிற்கிறது. யாரையும் தொடவிடவில்லை. தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுத்த ஜவுளிக்காரர் திருப்பிக் கேட்கிறார். நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா?

பதில்:

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் கடிதம் எட்டுப் பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். ஏழாம் பக்கத்து ஓரத்தில் வேறு மையில் ஒரு வரி எழுதி, அப்புறம் அதைக் கோடு போட்டு அடித்திருந்தீர்கள். "சில ராத்திரி நானும் போயிட்டாத் தேவலைன்னு இருக்குதுங்க." கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே உங்களைப் போனில் கூப்பிட்டது அந்த வரிக்காகத்தான். "போடுங்க, என்னாட்டம் இருக்கறவங்களுக்கு ஆகும்" என்று நீங்கள் சொன்ன பிறகே இங்கே எழுதுகிறேன்.

அதனால் விசுவாசம், தேவ சித்தம் எல்லாம் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் சோறும் தூக்கமும். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் குடோனில் உட்கார்ந்திருந்துவிட்டுக் காலையில் வெறும் டீயோடு பொழுதை ஓட்டுகிற உடம்பில் எந்தக் கேள்விக்கும் நேரான பதில் தோன்றாது. எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட மனுஷன், கொஞ்ச நாளில் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். அப்படிச் சொன்னதற்கு அவருக்குத் திட்டு விழவில்லை. பிரசங்கமும் நடக்கவில்லை. தூங்கவிட்டார்கள். தூதன் வந்து தட்டி எழுப்பினான்; தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துவிட்டார். இரண்டாம் தடவை எழுப்பினபோதும் சாப்பாடுதான். கர்த்தரோடு பேச்சுவார்த்தை என்று நடந்ததெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், ஆறு மாதத்துக்கு மேலும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கிப் போடுகிற துக்கத்துக்குத் தனிப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு இருப்பது அதுவா என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்லக்கூடாது. நேரில் பார்க்கிற டாக்டர் சொல்ல வேண்டியது. கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் நீங்கள் ஒப்புக்கொண்டபடி இந்த வாரமே போய்விட்டு வாருங்கள், கூட உங்கள் அம்மாவைக் கூட்டிப் போங்கள். நடு ராத்திரியில் அந்த நினைப்பு வந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குப் போடுங்கள். அரசாங்கத்தினுடையது, காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற விசுவாசியைப் பார்த்து ஒன்றும் சொல்லாத சபை, தூக்கத்துக்கு மாத்திரை போட்டால் மட்டும் ஏன் முகத்தைச் சுளிக்கிறது என்று எனக்கு இன்று வரைக்கும் விளங்கவில்லை.

இனி அந்த அட்டைக்கு வருகிறேன்.

வருடப் பிறப்பு ராத்திரி ஆராதனை முடிந்து, வரிசையில் நின்று, தட்டிலிருந்து ஒரு அட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கிற அந்த நிமிஷம் எனக்கும் பிடிக்கும். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் உங்களுக்கு வந்த வசனத்தை நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்றுதான் ஆரம்பிக்கிறது. தமிழ்க் காதில் இது எப்படி விழும்? நான் என்ன எதிர்பார்க்கிறேனோ அது கைக்கு வரும் என்றுதான் விழும். பெண்ணுக்கு வரன் பார்க்கிறவருக்கு வரன், கடன்காரருக்குக் கடன் தீர்வு, ஐ.சி.யு. வாசலில் நிற்கிறவருக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும் புருஷன். எபிரெய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பவை இரண்டே சொற்கள். ஒன்று, பின்னால் வரப்போகிற காலம். இன்னொன்று, நம்பிக்கை. திருவிவிலியம் என்கிற புது மொழிபெயர்ப்பில் எதிர்காலம், நம்பிக்கை என்றே போட்டிருக்கிறார்கள். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். உங்கள் குடோனில் உட்கார்ந்து பார்த்தால் அது சின்னது இல்லை.

அட்டையில் இடம் இல்லாததால் விட்டுப்போன பத்தாம் வசனத்தையும் பாருங்கள். எழுபது வருஷம் என்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம் அது. கி.மு. 597இல் அந்த முதல் கூட்டம் போனது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் உங்கள் வீட்டுக்காரர் வயதில் இருந்தவர் ஒருத்தராவது ஊர் திரும்பியிருப்பாரா? மாட்டார். எரேமியாவுக்கு அது தெரியும், தெரிந்தேதான் எழுதினார். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் அறிக்கை செய்கிறார். கேட்டவர்களுக்கு யார் பேச்சு இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்களிடம் பேசினவர்கள் அனனியாவின் பக்கத்திலிருந்து பேசினார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பயத்தில். சாவு பக்கத்தில் நிற்கும்போது சத்தமாகப் பேசினால் அது போய்விடும் என்று நினைக்கிற பயம். நானும் ஆரம்ப காலத்தில் அப்படிப் பேசியிருக்கிறேன். ஈரோட்டில் ஆஸ்பத்திரி ஆலோசகராக இருந்த முதல் இரண்டு வருஷம், நான் சொன்ன சில வார்த்தைகளை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

எரேமியா எழுதினது என்ன? வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள். பதினோராம் வசனத்துக்கு முன்னால் ஐந்தாம், ஆறாம் வசனங்களில் வருகிறது. தங்களுக்குப் பிடிக்காத ஊரில், எதிர்பார்க்காத வாழ்க்கையில், கத்தரிக்காய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். வேதாகமத்தில் "கர்த்தரை நம்புங்கள்" என்பதற்கு இதைவிட மண் ஒட்டின விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. (கத்தரிக்காய் நான் சேர்த்தது.)

அடுத்தது, உங்கள் மாமியாரும் தசமபாகக் கேள்வி கேட்ட அக்காவும். இருவரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். ஆனால் இருவர் கையிலும் இருப்பது ஒரே கணக்கு நோட்டு. ஒருத்தர் நோட்டில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காதது பற்று. இன்னொருத்தர் நோட்டில் பத்தில் ஒன்று கொடுக்காதது பற்று. அதற்கு வசூல், ஒரு உயிர். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் இதே நோட்டைத்தான் விரித்தார்கள், இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று. "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு அந்தப் பக்கத்தையே மூடிவிட்டார். சபையின் அக்காவுக்கு இந்த வசனத்தை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். மாமியாரிடம் சொல்ல வேண்டாம். அவர் பெற்ற பிள்ளையைப் புதைத்தவர். காரணம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று அந்த மனசு அலைகிறது. காரணம் இல்லாமல் பிள்ளை போய்விட்டது என்பதை அதால் தாங்க முடியவில்லை. அவர் அப்படிப் பேசும்போது பதில் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி கொடுத்துப் பாருங்கள். குலதெய்வப் பேச்சுக்குக் கீழே "எம் பையன்" என்கிற பேச்சு இருக்கும்.

இதை எழுதும்போது என் சொந்தக் கதை ஒன்று வருகிறது. 1991இல் என் முதல் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் இறந்துபோனது. கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் செய்தவர், "தோட்டக்காரர் அழகான பூவைத்தான் முதலில் பறிப்பார்" என்றார். நீங்களும் பல சாவு வீட்டில் கேட்டிருப்பீர்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு ரொம்ப நாள் தோட்டக்காரர் மேல் கோபம். என்னைக் கரையேற்றினது அந்தப் பேச்சு இல்லை. பக்கத்து வீட்டு ஆத்தா ஒருத்தர், நெற்றி நிறையத் திருநீறு, வேதாகமத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. தினம் மத்தியானம் ஒரு முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து உரிப்பார். பேச மாட்டார். நான் அழுதால் அவரும் மூக்கை உறிஞ்சுவார். வெங்காயத்துக்கா எனக்கா என்று தெரியாது. உரித்து முடித்ததும் பாதியை என் சமையலறையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். யோபின் சிநேகிதர்கள் வந்து தரையில் ஏழு ராப்பகல் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களே, அந்த ஏழு நாளை எனக்குக் காட்டினது அந்த ஆத்தாதான். அவர்கள் எட்டாம் நாள் வாயைத் திறந்ததில்தான் காரியம் கெட்டது. உங்கள் ஊரில் வெங்காயம் உரிக்கிற ஆள் யார் என்று பாருங்கள். சபையிலேயே இருக்கலாம், வெளியிலும் இருக்கலாம்.

உங்கள் அம்மாவின் ஒப்பாரியை நிறுத்தினதுதான், உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தில் என்னை ரொம்பக் கோபப்படுத்தின இடம். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினது, "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து" இருக்க வேண்டாம் என்று. துக்கிக்கவே கூடாது என்று யார் எழுதினார்கள்? எரேமியா ஒன்பதாம் அதிகாரம் பதினேழாம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொல்வது சேனைகளின் கர்த்தர். அடுத்த சில வசனங்கள் தள்ளி, உங்கள் மகள்களுக்கும் ஒப்பாரி கற்றுக்கொடுங்கள் என்கிற பொருளில் வருகிறது. புலம்பல் என்று ஒரு புத்தகமே வேதத்துக்குள் இருக்கிறது. அதன் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய எழுத்து வரிசைப்படி கட்டப்பட்டவை. நம் மொழியில் சொன்னால், அகரம் தொடங்கி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கண்ணீர் என்று வரிசையாக வைத்து அழுத அழுகை. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று நாம் பாடுகிற வசனம் அதன் நடுவில் இருக்கிறது. ஆனால் புத்தகம் அங்கே முடியவில்லை. எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ என்கிற கேள்வியில் போய் முடிகிறது. அந்தக் கேள்வியோடுதான் அதை வேதத்துக்குள் வைத்தார்கள், யாரும் கடைசி வரியை அழிக்கவில்லை.

கொங்கு நாட்டு ஒப்பாரியில் செத்தவரை ராசா என்பார்கள், மச்சு வீடு என்பார்கள், பாதி பொய்தான். ஆனால் அதில் ஒரு பெண் தன் நிலைமையை ஊர் முன்னால் சொல்லிவிடுகிறாள், ஊரும் உட்கார்ந்து கேட்கிறது. உங்கள் அம்மா பாட ஆரம்பித்து நின்றுபோனதை, ஒரு நாள் உங்கள் வீட்டிலேயே முழுக்கப் பாடச் சொல்லுங்கள். நீங்களும் மகளும் பக்கத்தில் இருங்கள். மைக் வேண்டாம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. விசுவாசத்தை இழந்துவிட்டேனா என்கிறீர்கள். ஆள் இல்லாத வீட்டு வாசலில் நின்று யாரும் சண்டை போடுவதில்லை, அம்மிணி. ஒன்பது மாதமாக ராத்திரி ராத்திரி நீங்கள் குடோனுக்குப் போய் ஒருத்தரிடம் வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நிஜமாகவே விட்டுப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கோபம் வராது, சபைக்கும் ஒழுங்காக வருவார்கள், பாட்டும் பாடுவார்கள். உங்களுக்கு வாய் வரவில்லை என்றால் உள்ளே ஏதோ பொய் சொல்ல மறுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள், பாட வேண்டாம். சுற்றி உள்ளவர்கள் பாடுகிறார்கள் இல்லையா, கொஞ்ச நாளைக்கு அவர்கள் பாட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். ஜெபத்துக்கும் வார்த்தை இல்லை என்றால், வாக்குக்கடங்காத பெருமூச்சு என்று ரோமர் எட்டாம் அதிகாரம் சொல்வது உங்களிடம் நிறைய இருக்கிறது. ஆனால் குடோன் சண்டையை மட்டும் பத்து மணிக்கு முடித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் தூங்க மாட்டார், நீங்கள் தூங்க வேண்டும்.

சாட்சி விஷயம் சுலபம். வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அதற்குக் காரணம் காட்டத் தேவையில்லை. வற்புறுத்தினால் பதின்மூன்றாம் சங்கீதத்தை வாசிக்கிறேன் என்று சொல்லுங்கள். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பிக்கும். கடைசி இரண்டு வசனத்தில் நம்பிக்கையாகத் திரும்பும். அந்த இரண்டும் உங்கள் வாயில் வராவிட்டால் நாலாம் வசனத்தோடு நிறுத்திவிட்டு உட்காருங்கள். மிச்சத்தைச் சபை எழுந்து நின்று வாசிக்கட்டும். ஆயரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் செய்வார்.

தறி, குடோன், தேவ சித்தம். இதில் கொஞ்சம் கறாராகப் பேசப் போகிறேன். நம் பக்கத்தில் கோயிலில் பூவாக்குக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டோம் என்கிற நாம், விற்கலாம் என்று ஒரு சீட்டு, வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதி வேதாகமத்துக்குள் வைத்து எடுக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து விரல் வைக்கிறோம். நீங்களும் இரண்டு தடவை செய்து பார்த்ததாகவும், இரண்டு தடவையும் வேறு வேறு பதில் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

தேவ சித்தம் என்பது பரீட்சைத் தாளில் ஒரே ஒரு சரியான விடை, அதைத் தப்பாக எழுதினால் ஜென்மம் முழுக்கத் தோல்வி என்கிற பயம் நம்மில் பலருக்கு இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் கருமத்தம்பட்டி. அங்கே 1846இல் பிரெசியாக் என்கிற பிரெஞ்சுக் குருவானவர் ஆயராக அபிஷேகம் பெற்றார். கோயமுத்தூர்ப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. சாதி வழக்கங்களை ஒட்டி அன்றைக்குத் திருச்சபைக்குள் நடந்த சடங்குச் சர்ச்சையில் அவர் மனசாட்சி ஒப்பவில்லை. பொறுப்பை விட்டு விலகி ஊர் திரும்பினார். 1856இல் ஆப்பிரிக்காவுக்கு ஊழியம் செய்ய ஒரு சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுனில் போய் இறங்கினார். மஞ்சள் காய்ச்சல். ஜூன் 25ஆம் தேதி இறந்துபோனார், ஆறே வாரம். கூடப் போனவர்களும் அந்தக் காய்ச்சலில் இறந்தார்கள். அவர் தொடங்கின சபை இன்றும் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. "பார்த்தீர்களா, கடைசியில் பலன்" என்று முடிக்கிறவர்கள் உண்டு. அவர் அதைப் பார்க்கவில்லை, அம்மிணி. கோயமுத்தூரை விட்டதும், ஃப்ரீடவுனுக்குப் போனதும் சரியா தப்பா என்று அவருக்குக் கடைசி வரைக்கும் யாரும் வந்து சொல்லவில்லை. தெரிந்த வெளிச்சத்தில் ஒரு முடிவெடுத்தார், மிச்சத்தை விட்டுவிட்டார்.

நீங்களும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டை எடுத்து, மீட்டருக்குக் கூலி எவ்வளவு வருகிறது, தறி ஓட்டுகிற ஆளுக்கு எவ்வளவு, சாமான் செலவு எவ்வளவு, இலவசமான 1000 யூனிட் போக இரண்டு மாதத்துக்கு கரண்டு பில் எவ்வளவு என்று எழுதுங்கள். 2022இல் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறிகள் நின்றதை நீங்களே பார்த்தவர். அப்படி நின்றால் எத்தனை வாரம் தாங்கும் என்றும் எழுதுங்கள். கணக்கு "விற்கலாம்" என்று சொன்னால் விற்கலாம், தறியைக் கொடுத்தால் அவரைக் கொடுத்துவிட்டதாக ஆகாது. ஆனால் வருட நினைவு முடிகிற வரைக்கும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். வாரிசுச் சான்றை முதலில் வாங்குங்கள். உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பிள்ளைகள் மைனராக இருக்கும்போது அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும். ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். கொழுந்தனார் நல்ல மனசோடுதான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல மனசு உள்ளவர் மூன்று மாதம் பொறுப்பார். மாமியாருக்குச் சட்டப்படி பங்கு வராமல் போகலாம், சோறு உங்கள் வீட்டில்தான் என்பதை அவருக்கு நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள்.

பையன். "அப்பாவுக்கு ஜெபம் பண்ணுனீங்களே, என்னாச்சு?" என்று கேட்டானாம். நீங்கள் அவன் வாயை மூடினீர்களாம். அந்தக் கேள்வி புதுசில்லை. "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று மார்த்தாள் கேட்டாள், அவள் தங்கை மரியாளும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னாள். மார்த்தாளுக்கு ஒரு பதில் கிடைத்தது. மரியாள் அழுததைப் பார்த்தபோது இயேசு பதில் சொல்லவில்லை, அழுதார். உங்கள் பையன் இதில் யார் மாதிரி என்று உங்களுக்குத்தான் தெரியும். எனக்கென்னவோ அவன் இப்போது விளக்கம் கேட்கிற நிலையில் இல்லை என்று தோன்றுகிறது. "எனக்கும் அதே கேள்விதான் கண்ணு, ராத்திரி குடோன்ல போய் அதைத்தான் கேட்டுட்டு இருக்கறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அம்மா பெரிய விசுவாசி, தான் மட்டும்தான் இப்படி என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். சபைக்கு இழுக்க வேண்டாம். ஐ.சி.யு. வராந்தாவில் அவனும்தான் நின்றான், அந்த அறிக்கையை அவனும்தான் கேட்டான். பரீட்சை வருஷம் வேறு. சாப்பிடுகிறானா, யாரோடு பேசுகிறான் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தறிக்கு வருகிறேன். பாவு ஜவுளிக்காரருடையது, ஒன்பது மாதம் பொறுத்தார் என்றால் நல்ல மனுஷன். திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் நெய்த வரைக்கும் உள்ள துணியைத் தனியாக அறுத்து எடுத்துக்கொண்டு, மிச்சப் பாவு சுற்றியிருக்கிற உருளையை, பீமை, இறக்கிக் கொடுக்கலாம் இல்லையா? அந்தத் துணிக்கு உண்டான நூல் விலையைக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். வாங்க மாட்டார் என்று நினைக்கிறேன். வெறும் காடாத் துணி, யாருக்கும் ஒன்றுக்கும் ஆகாது, உங்களுக்கு ஆகும். என்ன செய்வது என்று இப்போதே முடிவு பண்ண வேண்டாம், மடித்து பீரோவில் வையுங்கள்.

அறுக்கிற அன்றைக்குப் பையனிடமும் பெண்ணிடமும் முன்னாலேயே சொல்லுங்கள். வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம். கத்திரியை யார் பிடிப்பது என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சுவிட்சுக்கு மேலே இருக்கிற அட்டையைக் கிழிக்க வேண்டாம். அது அவர் ஒட்டினது. பேனாவை எடுத்து, அதற்கு மேலே சுவரில், பத்தாம் வசனத்தையும் எழுதி வையுங்கள்.

துணி எத்தனை மீட்டர் இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். டாக்டரைப் பார்த்தீர்களா என்பதையும்.